கொம்பெக்ட்: கச்சிதமா, செறிவா, திரட்சியா?

இலங்கையின் மலைநாட்டில், ஹட்டனில் கணினி படிக்கும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், கொம்பெக்ட் (compact) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது?"

அவள் செய்துகொண்டிருந்தது ஒரு சிமுலேஷன், அதாவது நிஜத்தில் நடப்பதைக் கணினியில் நடத்திப் பார்ப்பது. திரையில் நிறையப் புள்ளிகள், ஒன்றையொன்று இழுக்கும், தள்ளும். அந்த விசைகளாலேயே ஆட்புலங்கள், அதாவது ஒவ்வொரு புள்ளிக் கூட்டமும் தனக்கென்று பிடித்துக்கொள்ளும் நிலப்பரப்புகள், உருவாகும். சும்மா விட்டால் ஒவ்வொன்றும் நல்ல நிலத்தைத் தேடி வால் நீட்டிக்கொண்டே போகும். அப்படி நீளாமல், சிதறாமல் இருக்கும் தன்மைக்குத்தான் சொல் வேண்டும்.

மூலம் இலத்தீன். 'கொம்பக்டுஸ்' என்றால் சேர்த்துக் கட்டியது.

முதலில் வாயில் வருவது கச்சிதம். வடமொழி 'கசித' வழியாக வந்தது. பதித்தது என்று பொருள். சட்டை கச்சிதம் என்றால் அளவு பொருந்துகிறது, அவ்வளவுதான். ஓடையை ஒட்டி ஒடுங்கி நீளும், தேயிலைத் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையும் அந்தப் பள்ளத்துக்குக் கச்சிதமாகத்தான் இருக்கிறது!

செறிவு? அதை விஞ்ஞானப் பாடம் கரைசலுக்கு எடுத்துக்கொண்டது. தவிர, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தைப் பாருங்கள். ஆட்கள் செறிந்துதான் இருக்கிறார்கள், வடிவமோ ஒரே நீளக் கோடு.

என் தெரிவு திரட்சி. வெண்ணெய் திரள்கிறது என்கிறோமே, அங்கே கூடுவதும் உருள்வதும் ஒன்றாகவே நடக்கின்றன. அகராதியிலும் திரட்சிக்குக் கூட்டம், உருட்சி என்ற இரண்டு பொருளும் உண்டு. கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. 1991இல் போல்ஸ்பி, பொப்பர் என்ற இருவர் தேர்தல் தொகுதிகளுக்காக முன்வைத்த அளவையில், பரப்பை 4π ஆல் பெருக்கிச் சுற்றளவின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். வட்டத்துக்கு 1, சதுரத்துக்கு 0.79, அகலத்தைப் போல் பத்து மடங்கு நீளமான செவ்வகத்துக்கு 0.26.

சரி, சிமுலேஷனில் திரட்சியை எப்படிக் கொண்டுவருவது? புள்ளிகளைத் தத்தம் ஆட்புலத்தின் நடுவை நோக்கி இழுப்பது எளிய வழி. ஆனால் ஆட்புலம் லாடம் போல வளைந்தால் அந்த நடுவே வெளியில் விழுந்துவிடும். எல்லை நீள நீளச் செலவு கூடும்படி வைப்பது நல்லது. நீர்த்துளி உருண்டுகொள்வதும் அப்படித்தான்.

இன்னொன்று, தூரத்தை நேர்கோட்டில் அளந்தால் நம் பக்கத்துக்குச் சரிவராது. எதிர் மலையில் கூப்பிட்டால் இங்கே கேட்கும். நடந்து போனால் கீழே ஆறு வரை இறங்கி மறுபடி ஏற வேண்டும். அதனால் அவள் நடைத்தூரத்தை வைத்தாள். வரைபடத்தில் உருண்டையாக இருந்த இரண்டு ஆட்புலங்கள் அன்றைக்கே உடைந்துபோயின.