பியானோ இல்லையென்று என்னிடம் அழாதீர்கள்

சாக்ஸபோன், டபுள் பேஸ் (ஆளுயரக் கம்பி வாத்தியம்), டிரம்ஸ். மூன்றே பேர், பியானோ கிடையாது. இப்படிப் பதிவான ஜாஸ் கோப்புகள் மிக்சிங்குக்கு (தனித்தனி ஒலிகளைச் சமன்செய்து ஒன்றாகச் சேர்க்க) என்னிடம் வரும்போதெல்லாம் கூடவே ஒரு குறிப்பும் வந்துவிடுகிறது: "கொஞ்சம் வெறுமையாக இருக்கிறது சார், ரிவெர்ப் போட்டு நிரப்பிவிடுங்கள்." போன வாரம் வந்த குறிப்பு இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. ரிவெர்ப் என்ற செயற்கை எதிரொலி போதாவிட்டால் யாராவது ஒரு பியானோக்காரரை அழைத்து மேலே வாசிக்கவைத்துக்கொள்ளலாமாம். இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

கோப்பைத் திறந்து கேட்டேன். வாசிப்பு நன்றாகவே இருந்தது. எரிச்சல் கூடியதே அதனால்தான். சாக்ஸபோனின் விரிந்த முன்வாய்க்குள் மைக்கைச் செருகியிருக்கிறார்கள். எல்லா மைக்கிலும் டிரம்ஸின் சிம்பல் தட்டு இரைகிறது. பேஸுக்கு மைக்கே வைக்கவில்லை. கம்பிகளைத் தாங்கும் அதன் பிரிட்ஜில் ஒட்டிய, அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பிலிருந்து நேராக ஒரு வயர், அவ்வளவுதான். ரப்பர் பட்டையை இழுத்துவிட்டது போல ஒலிக்கிறது.

பியானோ போனதும் நடுவில் பள்ளம் விழுந்துவிடும், அதில் எதையாவது கொட்டி மூட வேண்டும் என்று நினைக்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இந்த நினைப்பு போவதில்லை. பியானோக்காரர் இருந்தால், இந்த இடத்தில் இன்ன கார்டு என்று சுரக்கூட்டை அவரே அறிவித்துவிடுவார். சாக்ஸபோன் அதற்கு இணங்கிப் போகும், அல்லது முரண்டு பிடிக்கும். அவர் இல்லாதபோது அந்த வேலை பேஸுக்குப் போய்விடுகிறது. சாக்ஸபோன் மேற்கத்திய 'இ' சுரத்தை நீட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே பேஸ் 'சி' வாசித்தால் அந்த 'இ' அதற்கு மூன்றாம் சுரம், இதமாக இருக்கும். பேஸ் 'ஏ'வுக்குப் போனால் அதே 'இ' ஐந்தாம் சுரமாகிவிடுகிறது. 'எஃப்' வாசித்தால் மேஜர் ஏழாம் சுரம். காது கொஞ்சம் கூசும். மேலே இருப்பவர் விரலைக்கூட அசைக்கவில்லை. கீழே இருப்பவர் ஒரு கம்பியைச் சுண்டி எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். அந்தக் கம்பி கேட்காத பதிவில் சாக்ஸபோன் அந்தரத்தில் தொங்கத்தான் செய்யும். நீங்கள் வெறுமை என்று எழுதி அனுப்புவது இதைத்தான். அதற்கும் பியானோவுக்கும் சம்பந்தமே இல்லை.

சந்தேகம் இருப்பவர்கள் 1957-ஆம் ஆண்டுக்குப் போய்ப் பாருங்கள். அந்த ஆண்டு மார்ச் 7 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் சாக்ஸபோன் சோனி ரோலின்ஸ், பேஸ் ரே பிரௌன், டிரம்ஸ் ஷெல்லி மேன் மூவரும் அதிகாலை மூன்று மணிக்குப் பதிவைத் தொடங்கினார்கள். மற்ற வேலைகளுக்கு நடுவே மூவருக்கும் ஒத்துவந்த நேரம் அதுதான். ஸ்டூடியோ என்ற பெயரில் இருந்தது இசைத்தட்டு நிறுவனத்தின் சரக்கு அறை. ஒலிப்பதிவாளர் ராய் டூனன். ஷெல்லி மேன் மரக்கட்டையைக் குதிரைக் குளம்பொலியாகத் தட்ட, ரே பிரௌனின் ஒவ்வொரு சுரமும் மரத்தின் உடம்போடு கேட்கிறது. எந்த இடத்தில் உங்களுக்குப் பியானோ தேவைப்படுகிறது? அதே ஆண்டு நவம்பர் 3 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு என்ற ஜாஸ் கிளப்பில் ரோலின்ஸை ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் பதிவுசெய்தார். மாலைக் காட்சியில் பேஸ் வில்பர் வேர், டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ். நிலத்தடியில் இருக்கும் சின்னக் கூடம் அது, முன்னால் ரசிகர்கள். ஒருவர் ஒலி இன்னொருவர் மைக்கில் புகாமல் அடைத்துவைக்க அங்கே தனியறை ஏது? அவை இன்றும் பாடமாகக் கேட்கப்படும் பதிவுகள்.

ரிவெர்ப் நிறையப் போட்டால் என்ன ஆகும்? பேஸ் சுரத்தின் முடிவும் சிம்பலின் வாலும் குழைந்து சேறாகும். மூவர் இசையில் கேட்டு ரசிக்கவேண்டியதே அந்த இடைவெளிகள்தான்.

பின்னால் பியானோ சேர்ப்பது இதைவிட மோசம். சாக்ஸபோன் சூடாக ஆகச் சுருதி ஏறும். உள்ளே இருக்கும் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 3 சென்ட். அரைச் சுரம் என்பது 100 சென்ட். பியானோ இல்லாத அறையில் பேஸ்காரரும் காதால் கேட்டு சாக்ஸபோன்காரருடனேயே மேலே போய்விடுவார், இருவருக்கும் தெரியவே தெரியாது. அதன் மேல் அசையாத பியானோவை வைத்தால் சாக்ஸபோன், பேஸ், பியானோ மூன்றுமே அபசுரமாக ஒலிக்கும். மென்பொருளால் சாக்ஸபோனை இறக்கலாமே என்பீர்கள். டிரம்ஸ் மைக்குகளில் புகுந்திருக்கும் பழைய சுருதியை யார் இறக்குவது?

ஆகவே, பதிவுக்குப் போகுமுன் சில வேலைகள். பேஸுக்கு மைக் வையுங்கள், பிரிட்ஜிலிருந்து ஒரு சாண் தூரத்தில். அதன் அடிக்கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். கைப்பேசி ஸ்பீக்கரில் அது கேட்காது. விரல் கம்பியை விட்டு விலகும் ஓசையும் மரத்தின் ஓசையும்தான் அங்கே பேஸைக் காட்டிக்கொடுக்கும். பிக்கப்பையும் தனி ட்ராக்கில் எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. சாக்ஸபோன் மைக்கை ஓரிரண்டு அடி தள்ளி, முன்வாய்க்கும் விரல் அழுத்தும் சாவிகளுக்கும் நடுவே பார்க்கும்படி வையுங்கள். ஒலி துளைகள் வழியாகவும்தான் வெளியே வருகிறது. சிம்பல் பேஸை மூடினால் டிரம்ஸை ஒலி குறைத்து வாசிக்கச் சொல்லுங்கள். போர்வை போட்டு மூடாதீர்கள். (டிரம்மர்கள் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், நல்ல டிரம்மருக்கு இதைச் சொல்லவேண்டிய தேவையே வருவதில்லை.) ஒவ்வொரு டேக்குக்கும் (ஒரு முறை வாசித்துப் பதிவதற்கு) முன்னால் சுருதி காட்டும் ட்யூனரைப் பாருங்கள். வாத்தியம் சூடாகாமல் முதல் டேக்கைத் தொடங்கவே கூடாது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஒருவரை ஒருவர் நேராகக் கேட்கும் தூரத்தில் நின்று பாருங்கள். அங்கே பேஸ் கேட்கவில்லை என்றால் மைக்கிலும் கேட்காது.

கையில் பணம் குறைவாக இருக்கும், எனக்குத் தெரியும். தயவுசெய்து ஒரே ஒரு நல்ல மைக்கையாவது வாடகைக்கு எடுத்து அதைப் பேஸ்காரருக்குக் கொடுங்கள். சாக்ஸபோனுக்குச் சுமாரான மைக் இருந்தாலும் நான் சமாளித்துக்கொள்வேன். கோப்புகளை 24 பிட்டில், எந்த எஃபெக்டும் போடாமல், பிக்கப்பையும் மைக்கையும் கலக்காமல் தனித்தனியாக அனுப்புங்கள். பியானோக்காரரின் எண் வேண்டாம்.