"எங்க வீட்டு ஆளை நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்று கூட்டத்தில் சொல்லாதீர்கள்

மனநல சேவையில் இனச் சமத்துவத்தைக் கொண்டுவருவது எப்படி என்று மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் எங்கள் சாட்ஸ்வொர்த் பக்கம் கோயில் மண்டபத்தில் நடந்தது. கிளினிக்கில் மனநல சிஸ்டராக இருப்பதால் நானும் போயிருந்தேன். பெரியவர் ஒருவர் எழுந்தார். "இதெல்லாம் கறுப்பர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் உள்ள விஷயம். எங்களுக்குள் அந்த வியாதி குறைவு. வந்தாலும் எங்க வீட்டு ஆளை நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்றார். மண்டபமே கைதட்டியது.

அதே வாரத்தில் நாற்பது வயதுக்காரர் ஒருவரைப் போலீஸ் வண்டியில் கொண்டுவந்தார்கள். மாதக்கணக்காக வீட்டுக்குப் பின்னால் அவுட்பில்டிங்கில் இருந்திருக்கிறார். தாழ்ப்பாள் வெளிப்பக்கம். கால் நகங்கள் வளைந்து சதைக்குள் ஏறியிருந்ததால் செருப்புப் போட முடியவில்லை. "சிஸ்டர், நாங்க நல்லாத்தான் பார்த்துக்கிட்டோம்" என்று அம்மா அழுதார். அவர் சொன்னது பொய் இல்லை. மூன்று வேளையும் சோறு கொடுத்திருக்கிறார், வேண்டாத சாமி இல்லை.

அந்த மகனுடைய பழைய ஃபைலைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. முன்பு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று எழுதியிருந்தது இவ்வளவுதான்: இந்தியக் குடும்பம், ஆதரவு நன்றாக இருக்கிறது. அடுத்து எப்போது வரவேண்டும் என்ற தேதி இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்க்க யாரையும் நியமிக்கவில்லை. இப்படிப்பட்ட ஃபைல் எனக்குப் புதிதில்லை.

இனப் பாகுபாடு என்றால் யாரோ நம்மைத் திட்டுவது, வாசலில் நிறுத்துவது என்றே நம்மவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாராட்டிலும் அது வரும். ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் கிளினிக், யார் வீட்டுக்கு முதலில் போவது என்று தினமும் முடிவு செய்கிறது. "இந்தியர்கள் குடும்பமாக இருப்பார்கள், சமாளித்துக்கொள்வார்கள்" என்ற எண்ணம் இருந்தால் உங்கள் வீடு பட்டியலின் கடைசிக்குப் போகும். உங்கள் பிள்ளையின் நோயைப் பார்க்காமல், அவன் பிறந்த இனத்தைப் பார்த்து எடுத்த முடிவு அது. அந்த எண்ணத்துக்குத்தான் மண்டபத்தில் கைதட்டினீர்கள்.

பக்கத்துக் கட்டிலில் இருக்கும் சூலு மொழி பேசும் கறுப்பின இளைஞனுக்கு வேறு முத்திரை. சத்தமாகப் பேசினால் "முரட்டு ஆள்". டாக்டருக்கு அவன் மொழி தெரியாது. தரை துடைக்கும் அம்மாவைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள். காதில் குரல் கேட்கிறதா, சாக வேண்டும் போலிருக்கிறதா என்பதையெல்லாம் அந்த அம்மா வழியாகக் கேட்டு நோயை நிர்ணயிக்கிறோம். நிறவெறி ஆட்சியில் கட்டில்களைக்கூட இனம் பார்த்துப் பிரித்து வைத்திருந்தார்கள். பிறகு சட்டம் மாறியது. ஆனால் இந்த மொழிபெயர்ப்பு நிலையை மாற்றச் சம்பளத்துக்கு ஆள் போடவேண்டும்.

கூட்டத்தில் ஒருவர், பக்கத்தில் கறுப்பர்கள் வாழும் உம்லாசியைச் சொல்லி, "உம்லாசிக்காரர்கள் வந்து நம்ம ஆஸ்பத்திரியை நிறைக்கிறார்கள்" என்றார். ஒவ்வோர் இனமும் தனித்தனிப் பகுதியில்தான் வாழவேண்டும் என்று 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டம்தான் நம்மை இங்கேயும் அவர்களை அங்கேயும் கொண்டுபோய் வைத்தது. ஆஸ்பத்திரி எல்லாருடையது. 2021 ஜூலைக் கலவரத்தில், டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் கறுப்பர்கள் கொல்லப்பட்டதைப் பார்த்த பிறகும் இப்படிப் பேச வேண்டாம், தயவுசெய்து.

மக்களைக் கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை இந்த நாடு பார்த்திருக்கிறது. 2016இல் கௌடெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமேனி என்ற தனியார் மனநல மருத்துவமனைகளின் நோயாளிகளை அவசர அவசரமாக வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். வேண்டாம் என்று குடும்பங்கள் முன்கூட்டியே எச்சரித்தன. கேட்கவில்லை. 144 பேர் இறந்தார்கள்.

சரி, இனி செய்யவேண்டியது. ஒருவர் வைத்தியத்துக்கு ஒத்துக்கொள்ளாமல், தனக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்தாகும் நிலைக்கு வந்தால், அவருக்கு வைத்தியம் செய்யச் சொல்லி 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி குடும்பத்தார் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிப்பவர் அதற்கு முந்தைய 7 நாளுக்குள் அவரைப் பார்த்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் 72 மணி நேரம் வைத்துப் பரிசோதிப்பார்கள். "உள்ளே போனால் திரும்பி வரமாட்டான்" என்று பயப்படாதீர்கள். அவர் விருப்பமில்லாமல் அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் இப்படிப்பட்ட முடிவுகளைச் சரிபார்க்க அந்தச் சட்டப்படி அமைத்த மறுஆய்வுக் குழுவும் உயர் நீதிமன்றமும் பார்க்க வேண்டும்.

ஆயாவுக்குத் தமிழ்தான் வருகிறது என்றால் பேத்தியை மொழிபெயர்க்க அனுப்பாதீர்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று எந்தப் பாட்டியும் பேத்தி எதிரில் சொல்லமாட்டாள். வயதுவந்த ஒருவரை மொழிபெயர்க்கக் கேளுங்கள், அவரும் வீட்டு ஆளாக இல்லாமல் இருந்தால் நல்லது.

காவடிக்கு விரதம் இருங்கள், நான் தடுக்கவில்லை. மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்பையும் தண்ணீரையும் குறைத்தால் மருந்து ரத்தத்தில் ஏறி விஷமாகிவிடும். விரதத்துக்கு முன்பே கிளினிக்கில் வந்து சொல்லுங்கள், திட்டமாட்டோம்.

யாராவது தற்கொலை பற்றிப் பேசினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 0800 567 567 என்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், கூட்டத்தில் கேட்கவேண்டியதைக் கேளுங்கள். ஒவ்வொரு மனநலப் பிரிவிலும் சம்பளத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். எந்த ஃபைலும் அடுத்த தேதி இல்லாமல் மூடப்படக்கூடாது. எந்த இனத்தவர் போலீஸ் வண்டியில் வருகிறார்கள், யார் வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்ற கணக்கை வெளியிட வேண்டும். மறுஆய்வுக் குழுவில் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கிளினிக் குழுவிலும் நமக்கு இடம் உண்டு. நம் கோயில் கமிட்டிகளிலிருந்து யாராவது முன்வாருங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நோயிலிருந்து தேறியவர்களையும், அவர்களைப் பார்த்துக்கொண்ட அம்மாக்களையும் கூட்டிவாருங்கள். மைக்கை முதலில் அவர்களிடம் கொடுங்கள். போன முறை அவர்களில் ஒருவரும் பேசவில்லை.