இரவு ஒன்றரை மணிக்கு 1994-க்குப் போகிறவர்கள்

"தூக்கம் வரலைங்க மேடம்" என்றுதான் அவர் வந்தார். வயது 40-ஐத் தொட்டிருக்கும், கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடு. தூங்காமல் என்ன செய்வீர்கள் என்று கேட்டதும் கொஞ்சம் கூச்சப்பட்டு, பழைய தூர்தர்ஷன் விளம்பரங்களைப் பார்ப்பேன் என்றார். நான் வேறு ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்திருந்தேன். சோப்புத்தூள் விளம்பரம், வெள்ளிக்கிழமை சாயங்காலப் பாட்டு நிகழ்ச்சி, ஒளிபரப்பு தொடங்கும்போது சுழன்று வருமே அந்தச் சின்னம், அதன் இசை என்று ஒன்று முடிவதற்குள் யூடியூப் அடுத்ததை எடுத்து நீட்டும், மணி மூன்றாகிவிடும். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். உண்மையில் ஐந்தாறு பேரைச் சேர்த்துத்தான் இந்த ஒருவரைச் செய்திருக்கிறேன்.)

உளவியல் ஆலோசகராக எனக்கு அந்த விளம்பரங்களைவிட, முதல் வீடியோவைத் திறப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் அவர் கையில் என்ன இருந்தது என்பதுதான் முக்கியம். அதைக் கேட்டேன். அலுவலக மெயில் இருந்தது. மேலாளரிடமிருந்து வந்தது, திறக்கவில்லை, மூன்று நாளாக அப்படியே கிடக்கிறது. பக்கத்து டீமில் நாலு பேரை அனுப்பிவிட்டார்கள், வீட்டுக்கடன் இன்னும் பல வருஷம் இருக்கிறது. மெயிலைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைகிறது, வீடியோவைத் திறந்ததும் இரண்டே நிமிஷத்தில் அது நின்றுவிடுகிறது. இதைத் தவிர்ப்பு என்போம். பயம் தரும் ஒன்றை விட்டு விலகியவுடன் நிம்மதி கிடைப்பதால், அடுத்த முறை பயம் வரும்போது மனசு தானாகவே அந்தப் பக்கம் திரும்பக் கற்றுக்கொள்கிறது. மதுவுக்கும், மணிக்கணக்கில் ஆடும் கேமுக்கும் அடியில் ஓடும் கணக்கும் பெரும்பாலும் இதுதான், ஆனால் பழைய நினைவை யாரும் சந்தேகப்படுவதில்லை. அவர் மனைவிகூட "பாவம், பழசைப் பார்த்துட்டு இருக்கார்" என்றுதான் விட்டிருந்தார்.

நாஸ்டால்ஜியா என்ற சொல்லே ஒரு நோயின் பெயராகப் பிறந்ததுதான். 1688-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி அதை உருவாக்கினார். ஊரை விட்டு வந்தவர்களுக்குத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சிலருக்குக் காய்ச்சல். பெர்னிலிருந்து பாசலுக்கு வந்திருந்த ஓர் இளைஞருக்கு உடம்பு மிகவும் மோசமாகி, சரி வீட்டுக்கே அனுப்பிவிடுவோம் என்று அனுப்பினால் வழியிலேயே தேறத் தொடங்கிவிட்டார் என்று எழுதியிருக்கிறார். நூறு வருஷம் கழித்துத் தத்துவவாதி கான்ட் இதையே வேறு விதமாகப் பார்த்தார். அப்படி ஏங்கி ஊர் திரும்புகிறவர்கள் அங்கே போய் ஏமாந்துதான் போகிறார்கள், அவர்கள் தேடியது ஊரை அல்ல, தங்கள் இளமையை என்பதாக. ஊருக்காவது வண்டி கிடைக்கும்.

இன்று இதை யாரும் நோய் என்பதில்லை, நானும் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் சவுதாம்ப்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் இருபது வருஷமாக இதை ஆராய்கிறார்கள். மனம் சோர்ந்திருக்கும்போதும் தனிமையிலும்தான் பழைய நினைப்பு அதிகம் கிளம்புகிறது, நினைத்து முடித்ததும் நமக்கும் நாலு பேர் இருக்கிறார்கள் என்ற ஒரு கதகதப்பு வருகிறது என்பது அவர்கள் கண்டது. ஆகவே பாட்டைக் கேளுங்கள், பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் கூத்தடியுங்கள், அதிலெல்லாம் ஒன்றும் தப்பில்லை.

1979-ல் அமெரிக்காவில் எலன் லாங்கர் என்ற உளவியலாளர் நிஜமாகவே ஒரு காலப்பயணம் ஏற்பாடு செய்தார். எழுபது வயதைத் தாண்டிய எட்டு ஆண்களை, 1959-ஐப் போல ஜோடிக்கப்பட்ட ஒரு பழைய மடத்தில் ஐந்து நாள் தங்கவைத்தார். அந்தக் கால ரேடியோ, கருப்பு வெள்ளை டிவி, பேச்சும் 1959 இப்போது நடப்பதுபோலவே இருக்கவேண்டும். முடிவில் கைப்பிடி வலுவும் நினைவாற்றலும் கூடியதாகச் சொன்னார். எட்டே பேர், அதனால் இதை வைத்துப் பெரிதாக எதையும் நிரூபிக்க முடியாது. எனக்கு அதில் பிடித்தது வேறு. வந்து இறங்கியதும் அந்தத் தாத்தாக்களின் பெட்டியை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை, அவரவரே மாடிக்குத் தூக்கிப் போகவேண்டியிருந்தது.

என்னிடம் வருபவர்களோ பெட்டியை இறக்கிவைக்கத்தான் அந்தக் காலத்துக்குப் போகிறார்கள். நான் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பேன், சரி, 1994-க்கு டிக்கெட் கொடுத்தாயிற்று, போய் என்ன செய்வீர்கள்? மொட்டைமாடியில் படுப்பேன், கரண்ட் போனால் வாசலில் உட்கார்ந்து கதை கேட்பேன், கோடை லீவில் ஆச்சி வீட்டுக்குப் போவேன். பத்துப் பேரில் ஒருவர்கூட அங்கே போய் கேஸ் சிலிண்டருக்குப் பதிந்துவிட்டுக் காத்திருப்பேன் என்று சொன்னதில்லை. பில் கட்டுவதும் ஃபீஸ் கட்டுவதும் வேறு யாரோ. (பெண்கள் அவ்வளவாக டிக்கெட் கேட்பதில்லை. "திரும்பப் போய் அம்மியில அரைக்கவா?" என்று ஓர் அம்மா சிரித்தார். அந்தக் காலத்தில் எல்லாம் ஆரோக்கியம் என்று ஃபார்வர்டு அனுப்புகிறவர்களுக்கு இன்னொன்று. 1990-ல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 80 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. இன்று அது 30-க்கும் கீழே.)

டீம் லீடுக்கு ஒரு வேலை கொடுத்தேன். உங்கள் அப்பாவிடம் போய் 1994 எப்படி இருந்தது என்று கேட்டு வாருங்கள். அப்பா மில் தொழிலாளி. அடுத்த வாரம் வந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த வருஷம் மில்லில் பாதி நாள்தான் வேலை, மூடப்போகிறார்கள் என்று தினம் ஒரு பேச்சு, இவருடைய ஸ்கூல் ஃபீஸுக்காக அம்மாவின் செயின் அடகுக்கடைக்குப் போயிருக்கிறது, மீட்கவே இல்லை. இவர் மொட்டைமாடியில் நட்சத்திரம் எண்ணிய அதே ராத்திரிகளில் கீழே அப்பாவுக்குத் தூக்கமில்லை.

அன்றைக்கு அலுவலக மெயிலை என் அறையில் வைத்தே திறந்தார். உள்ளே இருந்தது நல்ல செய்தி அல்ல, வேறு புராஜெக்ட்டுக்கு மாற்றுகிறார்கள். ஆனாலும் என்ன செய்வது என்று பேச எங்களுக்கு ஒரு விஷயம் கிடைத்தது, இத்தனை நாள் கற்பனையோடு மல்லுக்கட்டியதைவிட அது சுலபம்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இப்படி இருந்தால் வீடியோவைப் பிடுங்காதீர்கள், பிரயோஜனமில்லை. பார்த்து முடித்தபின் மனம் லேசாகிறதா, நிகழ்காலத்துக்கு வரவே எரிச்சலாக இருக்கிறதா என்பதை ஒரு வாரம் கவனியுங்கள். எரிச்சல்தான் என்றால் எதைத் திறக்காமல் வைத்திருக்கிறோம் என்று தேடிப்பார்த்து, பகல் வெளிச்சத்தில், முடிந்தால் கூட ஒருவரை வைத்துக்கொண்டு அதைத் திறங்கள். பழைய குரூப் போட்டோவில் இருப்பவனுக்கு ஒரு ஃபோன் போடுங்கள், தனிமைக்கு அந்தப் போட்டோவைவிட அவன் குரல் நல்லது. தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்குமேல் கெட்டிருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் அழுகை வந்தால், வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும், தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. வயதானவர்கள் பழசைப் பேசுவது இயல்பு, ஆனால் சொன்ன கதையையே ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி சொல்லி, காலையில் சாப்பிட்டதையும் மறந்தால் அது ஏக்கமாக இல்லாமல் மறதி நோயாக இருக்கலாம், பரிசோதித்துவிடுவது நல்லது.

அவர் இன்னும் தூர்தர்ஷன் பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமை பகலில், அப்பாவோடு. போன வாரம் அந்தச் சின்னம் சுழன்று வந்தபோது இவர் உருகிப்போய் "என்ன காலம்ப்பா அது" என்றாராம். அப்பா, "உனக்கென்னடா, நீ படம் பார்த்தே. ஆன்டெனாவைப் பிடிச்சுட்டு மாடில நின்னவன் நானு" என்றிருக்கிறார்.