தொழிற்பழகுநர் நேர்காணலில் நாங்கள் எதைப் பார்க்கிறோம்?

ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரியும் நான், தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) தேர்வுக் குழுவில் பல ஆண்டுகளாக இருந்து வருகிறேன். பாலக்கோடு, அரூர், பர்கூர், ஊத்தங்கரை எனத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் டிப்ளமோவோ பொறியியல் பட்டமோ முடித்த பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் பலருக்கு மதிப்பெண்ணைப் பற்றிய கவலைதான் பெரிதாக இருக்கிறது. விண்ணப்பங்களைப் பிரிக்கும்போது மதிப்பெண் உதவும் என்பது உண்மையே; அறைக்குள் வந்து அமர்ந்த பிறகு நாங்கள் அதைப் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மேசையில் ஒரு வெர்னியர் காலிபரும், கடைசல் முடிந்த ஒரு ஷாஃப்டும் (உருளைத் தண்டு) வைத்து, விட்டத்தை அளந்து சொல்லச் சொல்வோம். மீச்சிற்றளவு, அதாவது கருவியால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு, 0.02 மில்லிமீட்டர் என்று தடையின்றி ஒப்பிப்பவர்களில் பலர், கருவியைக் கையில் எடுத்ததும் தடுமாறிவிடுகிறார்கள். சென்ற முறை தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், ஷாஃப்டைத் தொடுவதற்கு முன்பே காலிபரின் தாடைகளைத் துணியால் துடைத்து, முழுவதுமாக மூடி, இரண்டு பூஜ்யக் கோடுகளும் நேராக நிற்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்னர் இரு முனைகளிலும் நடுவிலும், ஷாஃப்டைத் திருப்பித் திருப்பி அளந்து, "24.96 வருகிறது சார். டிராயிங்கில் டாலரன்ஸ் எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். டாலரன்ஸ் என்பது அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு. அந்தக் கேள்விக்குப் பிறகு அவரிடம் நாங்கள் அதிகம் கேட்கவில்லை. அளவு சரியா தவறா என்பதை டிராயிங்தான் சொல்லும் என்பது, ஷாப் ஃப்ளோரில் புதிதாக வருபவருக்குப் புரிய வைக்க நாங்கள் வாரக்கணக்கில் பாடுபடும் விஷயம்.

அடுத்து ப்ராஜெக்ட். நான்கைந்து பேர் சேர்ந்து செய்த வேலையில் உங்கள் கை பட்ட பகுதி எது என்றுதான் கேட்போம். "வெல்டிங் மட்டும் நான் செய்தேன், முதல் முறை வளைந்துவிட்டது, பிரித்து மறுபடி செய்தோம்" என்பது எங்களுக்கு நல்ல பதில். விலை கொடுத்து வாங்கிய ப்ராஜெக்டை இரண்டாவது கேள்வியிலேயே கண்டுகொள்கிறோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தயங்க வேண்டாம். தெரியாமலே தெரிந்ததுபோல் ஒரு பட்டனை அழுத்துபவரால் இயந்திரத்துக்கும், அதைவிட முக்கியமாக, பக்கத்தில் நிற்பவரின் விரல்களுக்கும் ஆபத்து.

இரவு ஷிஃப்டுக்கு வர முடியுமா என்ற கேள்விக்கு, வேலை கிடைக்க வேண்டுமே என்பதற்காக உடனே தலையாட்டிவிடாதீர்கள். அரூரிலிருந்து தினமும் ஓசூர் வந்து திரும்புவது நடக்காத காரியம். எங்கே தங்கப் போகிறீர்கள் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்து வந்தவரின் பதிலில் அது தெரியும்.

விண்ணப்பிப்பவர் எங்களிடம் கேட்டுத் தெளிய வேண்டியதும் உண்டு. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, பழகுநருக்கும் நிறுவனத்துக்கும் இடையே பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இருக்க வேண்டும். மாதந்தோறும் உதவித்தொகை தரப்பட வேண்டும். பட்டமும் டிப்ளமோவும் முடித்தவர்களுக்குப் பொதுவாக ஓராண்டுப் பயிற்சி. அது முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக நிறுவனத்துக்கு இல்லை என்பதையும், ஒருமுறை பயிற்சி முடித்தவர் அதே திட்டத்தில் மறுபடி சேர முடியாது என்பதையும் பெற்றோர்கள் பலர் அறியாமலே பிள்ளைகளை அனுப்புகிறார்கள். இடம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தம் எப்போது பதிவாகும், எந்தப் பிரிவில் எத்தனை மாதம் பயிற்சி, யாருடைய மேற்பார்வையில் என்று நேர்காணலின் முடிவில் தயங்காமல் கேளுங்கள். அப்படிக் கேட்டதற்காக விண்ணப்பதாரர் யாரையும் எங்கள் குழு தவறாக எண்ணியதில்லை. கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறார் என்று அவர் பெயருக்கு நேரே குறித்துக்கொண்டதுண்டு.