மேகத்துக்கு மேலே நடக்கும் கூத்து

நார்வேயின் ட்ரொம்சோ பக்கம் துருவ ஒளி பார்க்கப் போனால், வானம் மூடிக்கொண்ட இரவுகளில் ஏமாற்றம்தான். ஊருக்கு வெளியே நிற்கும் ஐஸ்காட் ரேடாருக்கு அந்தக் கவலை இல்லை. மேகத்தை ஊடுருவிப் போகும் ரேடியோ அலைகளால் அது 1981 முதல் அயனி மண்டலத்தை, அதாவது மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த மேல் வளிமண்டல அடுக்கை, அளந்து வருகிறது.

விமான நிலைய ரேடாருக்கு உலோகம் எதிரொலி தருகிறது. இங்கே எதிரொலி தர வேண்டியவை எலக்ட்ரான்கள். 32 மீட்டர் டிஷ்ஷிலிருந்து ஒரு மெகாவாட்டுக்கு மேல் அனுப்பினாலும், 300 கி.மீ. உயரத்தில் அலையில் சிக்கும் அத்தனை எலக்ட்ரான்களும் சேர்ந்து எதிரொலி தரும் பரப்பு ஒரு கடுகு அளவுக்குத்தான் தேறும்!

1958-இல் இந்த யோசனையைச் சொன்னவர் அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் கோர்டன். எலக்ட்ரான்கள் தறிகெட்டு ஓடுவதால் எதிரொலியின் அலைவரிசை அகலமாகச் சிதறும், 300 மீட்டர் டிஷ் இல்லாமல் முடியாது என்று கணக்குப் போட்டார். அதே ஆண்டு கென்னத் பௌல்ஸ் சோதித்தார். சிதறல் அவ்வளவு இல்லை. கனமான அயனிகள் எலக்ட்ரான்களைத் தம்மோடு கட்டி இழுப்பதே காரணம். (புவெர்ட்டோ ரிக்கோ தீவின் அரெசிபோவில் இருந்த ராட்சத டிஷ் அந்தத் தப்புக் கணக்கின் புண்ணியம்.) ஆகவே எதிரொலியின் வடிவத்திலேயே அயனிகளின் வேகமும் வெப்பநிலையும் படிக்கக் கிடைக்கின்றன.

சரி, தலைப்பில் சொன்ன கூத்துக்கு வருவோம்: துருவ ஒளி திடீரென்று பொங்கும் துணைப்புயல். சூரியக் காற்று (சூரியனிலிருந்து பாயும் மின்துகள்கள்) தரும் ஆற்றல், பூமியின் இரவுப் பக்கம் வால்போல நீண்டு கிடக்கும் காந்தப்புலத்தில் ஒரு மணி நேரம்போலச் சேர்கிறது. அப்புறம் சட்டென்று விடுபடுகிறது. எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு கீழே பாய்ந்து காற்றில் மோதுகின்றன. ரேடார் திரையில் அதுவரை வெளிறிக் கிடந்த 110 கி.மீ. உயரத்தில் திடீரென்று தடித்த பட்டை எழும். எலக்ட்ரான் அடர்த்தி பத்து மடங்கு, சில சமயம் அதற்கும் மேல் கூடிவிடும்.

தரையிலுள்ள காந்தமானியும் துள்ளத்தான் செய்யும். ஆனால் மேலே மின்னோட்டம் பெருகியது என்பதோடு அது நின்றுவிடும். மின்புலம் வலுத்ததா, காற்று நன்றாக மின்சாரம் கடத்தத் தொடங்கியதா என்று பிரித்துச் சொல்ல ரேடார் வேண்டும். அயனிகளின் ஓட்டத்திலிருந்து மின்புலத்தையும், எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து கடத்துதிறனையும் அது கணக்கிட்டுத் தருகிறது.

பட்டை நிற்கும் உயரமும் பேசும். 1,000 எலக்ட்ரான்வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலோடு வருபவை 150 கி.மீ. அளவிலேயே ஓய்ந்துவிடும்; 10,000 இருந்தால் 100 கி.மீ. வரை இறங்கும். பட்டை கீழே கீழே வந்தால், வந்து விழுபவை வேகம் கூடியவை என்று பொருள். வெளியே மேகம் கலைந்திருந்தால், துருவ ஒளித் திரையின் கீழ் விளிம்பும் அப்போது இறங்கியிருக்கும்.