இ8 ரயில் எஞ்சின் மூச்சுவிடும் விதம்

பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "புகை கக்குகிறது, பெட்ரோலைக் குடிக்கிறது என்று டூ-ஸ்ட்ரோக் பைக்குகளையே ஓரங்கட்டிவிட்டோம். ஆனால் அமெரிக்காவின் புகழ்பெற்ற பயணிகள் டீசல் ரயில் எஞ்சின்கள் டூ-ஸ்ட்ரோக் என்று படித்தேன். அச்சுப் பிழையா?"

பிழை இல்லை. அவர் சொல்வது ஜெனரல் மோட்டார்ஸின் எலக்ட்ரோ-மோட்டிவ் பிரிவு செய்த 'இ' வரிசை எஞ்சின்களை. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இ8. சிகாகோவை அடுத்த லா கிரேஞ்சில் 1949 முதல் 1954 தொடக்கம் வரை தயாரானது. புல்டாக் நாயின் முகம் போல உருண்டு திரண்ட மூக்கு, பக்கவாட்டில் கப்பலில் இருப்பது போன்ற வட்டச் சன்னல்கள், 70 அடி நீளம். உள்ளே 12 சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் இரண்டு. ஒவ்வொன்றும் 1125 குதிரைத்திறன். டீசல் எஞ்சின் சக்கரத்தை நேரடியாகச் சுழற்றுவதில்லை. ஜெனரேட்டரைச் சுழற்றும், அந்த மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களை ஓட்டும். எஞ்சினின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் இரண்டு சட்டங்கள் உண்டு; ஒவ்வொன்றிலும் மூன்று அச்சுகள். முன்னும் பின்னும் இருப்பவற்றுக்கு மோட்டார் உண்டு, நடு அச்சு எடையை மட்டும் தாங்கும். உள்ளே இருக்கும் இரண்டு டீசல் எஞ்சின்களில் ஒன்று நடுவழியில் படுத்துவிட்டாலும் மற்றது பாதிச் சக்தியில் வண்டியை இழுத்துக்கொண்டு போகும். இதெல்லாம் பலரும் எழுதியதுதான். மாணவர் கேட்டது எஞ்சினின் மூச்சைப் பற்றி. அங்கேதான் அழகு இருக்கிறது.

பிஸ்டன் ஒரு முறை ஏறி இறங்கும் ஒரே சுற்றில் ஒரு வெடிப்பு நடந்தால் அது டூ-ஸ்ட்ரோக்; இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்றால் ஃபோர்-ஸ்ட்ரோக். பைக்கின் டூ-ஸ்ட்ரோக் ஏன் புகைக்கிறது? அதில் பெட்ரோல், காற்று, எண்ணெய் மூன்றும் கலந்தே வருகின்றன. கலவை முதலில் பிஸ்டனுக்கு அடியில் உள்ள கிராங்க் கேஸுக்குள் போகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அழுத்தப்பட்டு, பக்கச் சுவரின் துளை வழியாக சிலிண்டருக்குள் ஏறுகிறது. அதே நேரத்தில் சுவரின் வேறொரு பக்கத்தில் புகை வெளியேறும் துளையும் திறந்தே இருக்கிறது. வந்த பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே அந்த வழியாக ஓடிவிடுகிறது. கூடவே எண்ணெயும் எரிந்து நீலப் புகையாகிறது.

இ8-க்குள் இருக்கும் எஞ்சினின் பெயர் 567. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 567 கன அங்குலம் என்பதால் அந்தப் பெயர். அதாவது ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் ஒன்பது லிட்டருக்கு மேல்! இதில் கிராங்க் கேஸ் மூச்சு வேலையில் தலையிடுவதில்லை; எண்ணெய் தன் இடத்திலேயே இருக்கிறது. காற்றைத் தள்ளுவதற்குத் தனியாக புளோயர் உண்டு. கைகோத்துச் சுழலும் இரண்டு உருளைகள் கொண்ட அது, எஞ்சினின் பல்சக்கரங்களாலேயே ஓடுகிறது. புளோயர் தள்ளும் காற்று சிலிண்டர்களைச் சூழ்ந்த ஓர் அறையில் காத்திருக்கும். சிலிண்டரின் அடிப்பகுதியில் சுற்றிலும் வளையமாகத் துளைகள். மேலே, சிலிண்டரின் தலையில், புகை வெளியேற நான்கு வால்வுகள்.

பிஸ்டன் கீழே இறங்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மேலே உள்ள வால்வுகள் திறக்கின்றன. அழுத்தத்தில் இருக்கும் புகை தானாகவே பீறிட்டுக் கிளம்புகிறது. அழுத்தம் தணிந்ததும் பிஸ்டன் இன்னும் இறங்கி அடித்துளைகளைத் திறந்துவிடுகிறது. காத்திருந்த காற்று எல்லாப் பக்கமிருந்தும் உள்ளே ஏறி, மிச்சப் புகையை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு போகிறது. கீழே நுழைவு, மேலே வெளியேற்றம். காற்று திரும்பிப் பார்ப்பதே இல்லை. சொம்பைக் கழுவினால் நீர் உள்ளே போய்ச் சுழன்று அதே வாய் வழியாகத்தான் திரும்ப வேண்டும்; மூலையில் அழுக்கு தங்கும். குழாயைக் கழுவினால் ஒரு முனையில் விட்ட நீர் மறுமுனையில் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வந்துவிடும். பைக் எஞ்சின் சொம்பு. 567 குழாய்.

கொஞ்சம் காற்று கூடுதலாக வெளியே போய்விட்டால்தான் என்ன? அது வெறும் காற்று. டீசல் இன்னும் உள்ளே வரவே இல்லை. பிஸ்டன் மேலேறி, காற்றைப் பதினாறில் ஒரு பங்காக நெருக்கிச் சூடேற்றிய பிறகுதான் இன்ஜெக்டர் டீசலைத் தூவுகிறது. பொறி எதுவும் இல்லாமலே அது பற்றிக்கொள்கிறது.

இத்தனையும் நடக்கும் நேரத்தைப் பாருங்கள். முழு வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று. துளைகள் திறந்திருப்பது சுற்றில் ஏறத்தாழ கால் பங்கு. அதாவது ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அதற்குள் ஒன்பது லிட்டர் நெஞ்சு பழைய மூச்சை விட்டு, புதியதை இழுத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு சிலிண்டர்களையும் சேர்த்தால் நொடிக்கு 160 வெடிப்பு. ஃபோர்-ஸ்ட்ரோக்காக இருந்தால் இதே வேகத்தில் 80 தான். அதே எடையில் கூடுதல் சக்தி எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரியும். அதற்கு முந்தைய டீசல்கள் பெரும்பாலும் கப்பலுக்குத்தான் சரிப்பட்டன. தண்டவாளத்துக்கு அவை பெரும் பாரம்.

இது ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1930-இல் ஜெனரல் மோட்டார்ஸ் வின்டன் எஞ்சின் நிறுவனத்தையும் எலக்ட்ரோ-மோட்டிவையும் வாங்கியது. ஆராய்ச்சித் தலைவர் சார்லஸ் கெட்டரிங் டூ-ஸ்ட்ரோக் டீசலைப் பிடிவாதமாக வளர்த்தார். 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் அப்படிப்பட்ட இரண்டு எஞ்சின்கள் மின்சாரம் தயாரித்தன. பகலில் கூட்டம் பார்த்து வியக்கும். இரவில் பொறியாளர்கள் அவற்றைப் பிரித்துப் பழுதுபார்ப்பார்கள். அதைக் கண்ட பர்லிங்டன் ரயில்வேயின் தலைவர் ரால்ஃப் பட், தன் புதிய ரயிலுக்கு இதுதான் வேண்டும் என்றார். 1934 மே 26 அன்று அந்த ரயில், பயனியர் செஃபிர், டென்வரிலிருந்து சிகாகோ வரையிலான 1015 மைலை 13 மணி 5 நிமிடத்தில் கடந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1938-இல், பழைய குறைகளைக் களைந்து 567 வந்தது. இரவுதோறும் பழுதான ஓர் எஞ்சினுக்கு ஆண்டுக்கணக்கில் பணம் கொடுத்த பொறுமையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். நம் ஆய்வகங்களுக்கு ஒதுக்கப்படும் நிதியோடு மூன்றாண்டில் முடிவு காட்டு என்ற நிபந்தனையும் வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கண்காட்சி இரவுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

567-இன் வம்சம் நமக்கும் அந்நியமல்ல. ஆசிய நாடுகளுக்கான கொழும்பு உதவித் திட்டத்தின் கீழ் 1954-இல் கனடா இலங்கைக்கு அனுப்பத் தொடங்கிய எம்2 எஞ்சின்களுக்குள் இருந்தது இதே 12 சிலிண்டர் 567. ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா என்று கனடா மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி, அரை நூற்றாண்டைத் தாண்டியும் அவை ஓடின. இந்திய ரயில்வேயின் டபிள்யூடிபி-4 வகையில் இருப்பது 567-இன் பேரன், 710. திருச்சிச் சந்திப்பில் ஒரு முறை, நின்றுகொண்டிருந்த அத்தகைய எஞ்சினின் அருகே போனேன். நடைமேடையின் சிமெண்டுத் தரை வழியாக அதன் துடிப்பு செருப்பைத் தாண்டிக் காலில் ஏறியது. புளோயரின் இடத்தை, வெளியேறும் புகையின் விசையையும் பயன்படுத்திக் காற்றைத் தள்ளும் டர்போசார்ஜர் எடுத்துக்கொண்டிருந்தது. அடியில் நுழைந்து தலைவழியே வெளியேறும் காற்றின் பாதை மட்டும் மாறவில்லை.

அமெரிக்காவில் 2015-இல் புதிய ரயில் எஞ்சின்களுக்கான மாசு விதிகள் கடுமையாகின. நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கரித்துகளையும் புதிய வரம்புக்குள் கொண்டுவர, எலக்ட்ரோ-மோட்டிவ் தன் புதிய சரக்கு எஞ்சினுக்கு ஃபோர்-ஸ்ட்ரோக்கைத் தேர்ந்தெடுத்தது. மாணவர் சொன்ன புகை கடைசியில் இங்கேயும் வந்து சேர்ந்தது. ஆனால் அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் முன்பே பிறந்த ஓர் எஞ்சின் பரம்பரை, அதுவரை தாக்குப்பிடித்தது இந்த ஒருவழி மூச்சால்தான்.