எதேச்சாதிகாரம்: சொல் விளக்கம்

"சந்தையில் எதேச்சையாக அவரைப் பார்த்தேன்" என்றால் தற்செயலாகப் பார்த்தேன் என்று பொருள் கொள்கிறோம். இது பிற்காலத்தில் ஏறிய பொருள். யதா, இச்சை என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்தது யதேச்சை. 'விருப்பம் போல' என்பதே அதன் மூலப்பொருள். யமன் எமனானது போல, யந்திரம் எந்திரமானது போல, யதேச்சை தமிழில் எதேச்சை ஆனது. அதிகாரத்தோடு சேரும்போது மட்டும் பழைய பொருள் அப்படியே நிற்கிறது: தன் விருப்பப்படி செலுத்தும் அதிகாரம். புணர்ச்சிப்படி எதேச்சாதிகாரம் என்றுதான் வர வேண்டும். நாளேடுகளில் 'எதேச்சதிகாரம்' என்பதும் தாராளமாக ஓடுகிறது. அதற்காக யாரோடும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

இதைச் சர்வாதிகாரத்தோடு குழப்பிக்கொள்வதுதான் பெரிய சிக்கல். சர்வாதிகாரம் என்பது முழு அதிகாரமும் ஒருவர் கையில் சேர்ந்துவிட்ட நிலை. எதேச்சாதிகாரம் அதற்கு முன்பே தொடங்கிவிடும். தேர்தல் நடக்கும், நாடாளுமன்றம் கூடும், நீதிமன்றம் திறந்திருக்கும். ஆனால் விதி இடிக்கும் இடத்திலெல்லாம் ஆள்பவரின் விருப்பத்துக்கேற்ப விதி வளைந்துகொடுக்கும்.

இலங்கையில் 1982-இல் நடந்தது இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. 1977 தேர்தலில் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140-ஐப் பிடித்தது. அடுத்த ஆண்டே புதிய அரசியலமைப்பு வந்தது. நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி முறையும் கூடவே வந்தது. 1980-இல் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன. 1982 அக்டோபரில் ஜெயவர்த்தனா ஏறக்குறைய 53 விழுக்காடு வாக்குகளோடு ஜனாதிபதித் தேர்தலில் வென்றார். அதே விகிதத்தில் பொதுத்தேர்தல் நடந்தால், வாக்கு விகிதப்படி இடங்களைப் பகிரும் புதிய விகிதாசார முறையில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை நிற்காது. எனவே பொதுத்தேர்தலே தவிர்க்கப்பட்டது. இருக்கிற நாடாளுமன்றத்தை இன்னும் ஆறு ஆண்டு நீட்டிக்கலாமா என்று டிசம்பர் 22-இல் சர்வசன வாக்கெடுப்பு நடத்தினார்கள். சம்மதம் என்றால் விளக்குச் சின்னம், மறுப்பு என்றால் பானைச் சின்னம். விளக்குக்கு 54.66 விழுக்காடு விழுந்தது. யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் பானைக்குப் போட்டார்கள். ஆளுங்கட்சி உறுப்பினர்களிடம் தேதி போடாத பதவி விலகல் கடிதங்களை ஜனாதிபதி முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேதியை எழுத வேண்டியது மட்டும்தான் பாக்கி.

இத்தனைக்கும் எல்லாமே சட்டப்படி நடந்தது. அரசியலமைப்புக்கு நான்காம் திருத்தமே கொண்டுவந்தார்கள். இந்த ஆசை ஒரு கட்சிக்கு மட்டும் உரியதும் இல்லை. 1970-இல் வென்ற சிறிமாவோ அரசு, 1972 அரசியலமைப்பின் வழியே தன் காலத்தை 1977 வரை இழுத்துக்கொண்டது.

இனி, தமிழில் இதற்கு என்ன சொல்வது? கிரேக்கத்தில் 'தான்' என்பதையும் 'ஆட்சி' என்பதையும் குறிக்கும் சொற்களிலிருந்து வந்தது ஆங்கிலத்தின் ஆட்டோகிரசி. அதை அப்படியே பெயர்த்தால் 'தன்னாட்சி' என்று வரும். அது சுயாட்சியைக் குறிக்கும் நல்ல சொல், வேறு வேலைக்கு அமர்ந்துவிட்டது. கொடுங்கோன்மை திருக்குறள் அதிகாரத் தலைப்பாகவே இருக்கும் பழஞ்சொல். கொடு என்றால் வளைவு. கோல் வளைந்த ஆட்சி. ஆனால் அது குடிகள் படும் துன்பத்தைச் சுட்டுகிறது. சிரித்த முகத்தோடு சலுகைகளை அள்ளிக் கொடுத்துக்கொண்டே எதேச்சாதிகாரம் செய்ய முடியும். வல்லாட்சி என்பதில் அடக்குமுறை வாடை தூக்கல்.

என் தேர்வு தன்மூப்பு. "வீட்டுப் பெரியவங்களைக் கேக்காம தன்மூப்பா முடிவெடுத்துட்டான்" என்று இன்றும் பேச்சில் வழங்குகிறது. மூப்பு என்பதில் வயதோடு தலைமையும் அடங்கும். கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் தன்னையே தலைமையாக வைத்துக்கொண்டு நடப்பது தன்மூப்பு. ஆட்சி முறைக்குத் தன்மூப்பாட்சி, ஆளுக்குத் தன்மூப்பாளர் என்று ஆக்கிக்கொள்ளலாம். மக்களாட்சி அரசு ஒன்று அந்தப் பக்கம் சாயும்போது, 'சர்வாதிகாரம் வந்துவிட்டது' என்று எழுதுவதைவிட 'அரசின் தன்மூப்புப் போக்கு' என்று எழுதுவது துல்லியமாக இருக்கும்.